பெட்டி பறந்தது, பாட்டாளி நடந்தான்

குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? எளிய வினாதான். ஆனால், கேட்பவர் யார் என்று தெரிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

வானில் வட்டமிடும் பருந்து கேட்டால், ஐந்து கிலோமீட்டர் அளவு என்று கூறிவிடலாம். தலையில் சுமையும் கையில் கோலுமாகக் காட்டுத் தடத்தில் ஏறுபவர் கேட்டால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள் என்று கூறவேண்டும். உந்துவண்டியில் செல்பவர் கேட்டாலோ, விடை வேறு. குரங்கணியிலிருந்து கீழிறங்கிப் போடிநாயக்கனூர் சேரவேண்டும், கொண்டையூசி வளைவுகளில் சுழன்று சுழன்று ஏறிப் போடிமெட்டைப் பிடிக்கவேண்டும், அதன்பின் மூணாறு, மூணாற்றிலிருந்து மீண்டும் கிழக்கு நோக்கி 32 கிலோமீட்டர். ஆக, நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியிலே வருந்தினால், புறப்பட்ட ஊரைத் தலைக்கு மேலிருந்து குனிந்து பார்க்கலாம்!

ஒரே மலை, ஒரே அடிவாரம், ஒரே உச்சி. தொலைவு மட்டும் மூன்று. மலையை வைத்தது இயற்கை, ஐயமில்லை. ஐந்தை நூறாக்கியது யார்? அதுதான் இக்கட்டுரையின் பொருள். நில நூல் ஆசிரியர்கள் இதனை எழுதமாட்டார்கள். அவர்கள் வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்து தந்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவார்கள். நாம் அப்படிப் போய்விடலாகாது.

பழந்தமிழர் தொலைவை நேரத்தால் அளந்தனர். 'நாழிகை வழி' என்பது வழக்கு. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் நடந்தால் கடக்கும் வழி, ஏறத்தாழ ஒன்றரை மைல். சிந்தித்துப் பார்த்தால் இது அறிவு சான்ற அளவை. கல்லையும் கயிற்றையும் நம்பாமல் காலை நம்பியது. இன்றைய விமான நிலையத்திலும் இதே முறைதானே! இலண்டன் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், பத்துப் பதினோரு மணி நேரம் என்கிறார்களே தவிர, 8,200 கிலோமீட்டர் என்று எவரும் முதலில் கூறுவதில்லை. ஆனால், நாழிகை வழியிலே ஒரு குறை உண்டு. எவருடைய காலால் நடந்த நாழிகை? குதிரைமீது செல்லும் பாளையக்காரருடைய நாழிகையா, நெல் மூட்டை சுமப்பவனுடைய நாழிகையா? பழைய அளவை அதைக் கேட்டதில்லை. ஊருக்கு ஒரு நாழிகை என்று ஒரே சொல்லால் முடித்துக்கொண்டது.

நேர்கோட்டில் தொலைவு காணும் கலை நம் நாட்டிற்கு வந்தது 1802இல். அவ்வாண்டு சென்னைப் பரங்கிமலைக்கருகே வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலப் படையதிகாரி தரையில் ஓர் அடிக்கோடு அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களை நடந்து பார்க்காமலே கணக்கால் அறியலாம். ஆறு குறுக்கிட்டால் என்ன, காடு மறித்தால் என்ன! முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனார்கள். 1808இல் தஞ்சையை அடைந்தபோது, சமவெளியிலே குன்று இல்லாத குறைக்குப் பெரிய கோயிலின் மேல் ஏறினார்கள். அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனந்தளராமல் அதைச் செப்பனிட்டு மீண்டும் அளந்தார் லாம்ப்டன். கோயில் கோபுரத்தையும் விமானத்தையும் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டவர் கோடானுகோடி; அதன் உயரத்தைக் கொண்டு உலகின் உருவை அளக்கலாம் என்று எண்ணியவர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. நம் நாட்டு விமானங்களுள் தொலைவு அறியப் பயன்பட்டது கல்லால் கட்டிய இதுபோன்ற விமானம்தான். பறந்ததாகக் கூறப்படும் மற்ற விமானங்களைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகள் ஏட்டில் ஏறின. அதுவரையில் அந்த மலைகள் அங்கு வாழ்ந்த முதுவருக்கும் மன்னானுக்கும் மட்டுமே தெரிந்தவை. ஏட்டில் ஏறிய மலையைத் தேடிப் பணப்பை வருவது உலக வழக்கம். வந்தது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளையர், பூஞ்ஞாற்றுக் குறுநில மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். ஏறக்குறைய 227 சதுர மைல்! அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்த முதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1880இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் 50 ஏக்கர் அளவில் தேயிலை நட்டார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி என்ற பெயரில் பெருமுதலாளித்துவம் மலையேறி உட்கார்ந்தது.

இப்போது துரைமாருக்கு ஒரு சங்கடம். தேயிலை விளைவதோ மேகம் தவழும் மலையில். விற்பதோ இலண்டன் மாநகரின் மின்சிங் லேன் ஏலத்தில். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டதால் கடல் வழி சுருங்கிவிட்டது, ஆப்பிரிக்காவைச் சுற்றவேண்டியதில்லை, ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரை நீராவிக் கப்பல் சில வாரங்களில் கடந்துவிடும். 1870இல் பம்பாயிலிருந்து கடலடித் தந்திக் கம்பி மேற்கே இணைந்துவிட்டதால் இலண்டன் விலை நிலவரம் சில மணி நேரத்தில் இந்தியாவுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தொல்லையில்லை. தொல்லை, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கும் ஐந்து கிலோமீட்டர்தான்! தேயிலை ஈரம் பட்டால் கெடும். சுமந்து இறங்கினால் நாட்கள் செல்லும். மழைக் காலத்தில் தடம் வழுக்கும். பெட்டி உருண்டால் பணம் உருளும்.

எனவே, அறிவியலை அழைத்தார்கள். 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கிற்று. ஒரே தண்டவாளம், அதன்மேல் சிறு சக்கரங்கள், வண்டி சாயாமல் தாங்க, பக்கத்துச் சாலைமீது உருளும் ஒரு பெரிய சக்கரம், இழுக்க மாடு. வேடிக்கையான அமைப்பு எனினும் வேலை செய்தது. 1908இல் அதனை மாற்றி இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டார்கள். நீராவி எஞ்சின் மலைமேல் கூவிற்று. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே இப்படி வந்ததுதான், மேல் நிலையம். அதன் நேர் கீழே, குரங்கணியை அடுத்த கொட்டகுடியில், கீழ் நிலையம். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் இன்றும் உண்டு. அங்கே இருப்புப்பாதை ஏதும் சென்றதில்லை. பெயர் மட்டும் பெருநகருக்குரியது!

மேலும் கீழுமான இந்த இரு நிலையங்களையும் இணைத்தது கம்பிப்பாதை. ஆங்கிலத்தில் ரோப்வே என்பார்கள். அதன் நுட்பம் அழகானது. கூறாமல் இருக்க மனம் வரவில்லை. மலைச் சரிவில் ஆங்காங்கே தூண்கள் நாட்டி, உச்சிக்கும் அடிவாரத்திற்கும் உருக்குக் கம்பி வடம் கட்டுகிறார்கள். வடத்தில் தொட்டில்கள் தொங்குகின்றன. மேலிருந்து இறங்கும் பெட்டியின் பளு, கீழிருந்து ஏறும் தொட்டிலை இழுக்கிறது. இறங்குவது கனமாகவும் ஏறுவது இலேசாகவும் இருந்தால், செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. வேகத்தைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான் ஆள் தேவை. பள்ளம், பாறை, ஓடை, யானைத் தடம் எதுவும் அதற்குத் தடையில்லை. பருந்துக்குரிய ஐந்து கிலோமீட்டர் தேயிலைப் பெட்டிக்கும் உரியதாயிற்று. இறங்கிய பெட்டி மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் உருண்டு போடிநாயக்கனூரை அடைந்தது. பின் இருப்புப்பாதை, துறைமுகம், கப்பல், இலண்டன் சீமான் வீட்டுப் பீங்கான் கோப்பை.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் எவ்வழியே மலை ஏறினார்கள்?

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி வந்தான். கையில் முன்பணம், வாயில் தேன். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளைவதாகக் கதை அளந்தவர்கள் அவனது இனத்தார். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவரே அவன் வலையில் விழுந்தனர். ஊர்த் தெருவில் நடக்க இயலாத மக்கள், கடன் சுமக்கத் தகுதி பெற்றனர்! போடி வரையில் நடை. போடியிலிருந்து மலையடிவாரம் நடை. பின்பு, கம்பியில் பெட்டி பறக்கும் அதே மலையின் முதுகிலே, குழந்தையை இடுப்பிலும் பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஏற்றம். தலைக்கு மேல் தொட்டில் போகிறது. அதில் சரக்கு இருக்கிறது. சரக்குக்கென்று கட்டிய கம்பி அது, ஆளுக்கு இடமில்லை.

ஆளை ஏற்ற அறிவியலுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் எண்ணவேண்டாம். சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பிப்பாதைகள் அமைந்துவிட்டன. இங்கே பெட்டி தாமதித்தால் முதலாளிக்கு நட்டம். கூலி தாமதித்தால் கூலிக்கு நட்டம். கணக்கு அவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டரைப் பெட்டிக்குத் தந்து, பன்னிரண்டு கிலோமீட்டரைப் பாட்டாளிக்குத் தந்தது மலையன்று, இந்தக் கணக்கே.

ஏறும் தொலைவாவது மைலில் அடங்கும். இறங்கும் தொலைவு? அது மைலில் அடங்காதது. விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மாலையில் கூடை நிறுத்து, லயன் வீட்டின் ஓர் அறையில் உறங்கி, ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது, கங்காணி ஏட்டைப் புரட்டுவான். முன்பணம் இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு. கழித்துப் பார்த்தால் கடன் இன்னும் நிற்கும். நின்றால் ஊருக்கு வழி இல்லை. ஆளொன்றுக்கு இத்தனை என்று கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் இறங்கிவிட்டால் தலைக்காசும் இறங்கிவிடுமே! இரவோடு இரவாக இறங்கி ஓடலாம் என்றாலோ, 1859ஆம் ஆண்டின் சட்டம் காத்திருந்தது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டு நீங்கினால் அது கடன் வழக்கன்று, குற்றம், சிறையே கிடைக்கலாம். 1925இல்தான் அதனை நீக்கச் சட்டம் வந்தது. அறுபத்தாறு ஆண்டுகள்! மலை உச்சியில் நின்றால் வைகைப் பள்ளத்தாக்குச் சமவெளி வெயிலில் மின்னுவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த ஊருக்குக் காலால் போக இயலவில்லை. இலண்டன் சில வாரப் பயணம். சொந்த ஊர் சில ஆண்டுப் பயணம்!

1924ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அவ்வாண்டு சூலையில் திருவிதாங்கூரில் பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று மலையாள மக்கள் இன்றும் கூறுவர். மூணாறு சிதைந்தது. குண்டளை இருப்புப்பாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த இரயில் பின்னர் ஓடவே இல்லை. வெள்ளையர் பல்லாண்டு கட்டியதை மழை சில நாளில் முடித்தது.

அதே 1924. அதே திருவிதாங்கூர். மலையிலிருந்து மேற்கே சமவெளியில் வைக்கம் என்றோர் ஊர். அங்கே கோயிலைச் சுற்றிய தெருக்கள். நீளம் மைல்கணக்கில் இல்லை. சில நூறு அடி. அந்தச் சில நூறு அடியை ஈழவரும் புலையரும் நடந்து கடக்கலாகாது, சுற்றிக்கொண்டு போகவேண்டும். மார்ச் 30இல் அறப்போர் தொடங்கிற்று. தலைவர்கள் சிறைப்பட்டபின் ஏப்ரலில் ஈரோட்டிலிருந்து பெரியார் சென்றார். இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் எல்லார்க்கும் திறந்தன. கிழக்கின் ஒரு பகுதி அப்போதும் திறக்கவில்லை. நாயும் பன்றியும் நடந்த தெருவில் மனிதன் நடக்க இருபது மாதம்! ஒரே மன்னரின் ஆட்சியில், மலையில் பெட்டி பள்ளத்தாக்கின் மேல் பறந்து சென்றது. சமவெளியில் மனிதன் தெருமுனையில் தடுத்து நிறுத்தப்பட்டான். தொலைவை நீட்ட மலை தேவையில்லை என்பதற்கு வைக்கத்தைவிட வேறு சான்று வேண்டுமோ?

வெள்ளத்திற்குப் பின் போக்குவரத்தின் முகம் மாறிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. 1931இல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குச் சாலை திறந்தது. தேயிலை மேற்கே கொச்சி நோக்கித் திரும்பிற்று. கம்பிப்பாதையின் பெருமை தேய்ந்தது. இன்று டாப் ஸ்டேஷனிலும் அடிவாரத்திலும் சிதைந்த கட்டுமானங்களைக் காணலாம். போடி இரயிலும் நிலைத்து ஓடவில்லை. உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டது. அகலப் பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, 2023 சூன் 15இல்தான் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. பன்னிரண்டரை ஆண்டு! மக்கள் பயணம் செய்யும் பாதை என்றால் அவசரம் இல்லை போலும்.

அதே காலத்தில் வானம் திறந்தது. 1929 மார்ச்சு 30இல் இலண்டனிலிருந்து கராச்சிக்கு வான் அஞ்சல் தொடங்கிற்று. ஏழு நாள் வழி. 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாட்டாவின் சிறு விமானம் கடிதப் பை சுமந்து புறப்பட்டது. இங்கும் பாருங்கள், முதலில் பறந்தது கடிதம், மனிதன் பின்னரே. கி.பி. முதல் நூற்றாண்டிலே பிளினி என்னும் உரோம நாட்டறிஞர், செங்கடல் வாயிலிலிருந்து பருவக் காற்றோடு புறப்பட்டால் நாற்பது நாளில் முசிறித் துறையை அடையலாம் என்று எழுதிவைத்தார். மிளகு வாங்க வந்தவர்கள் கணக்கிட்ட நாற்பது அது. முசிறியில் யவனர் கப்பல் நின்ற நாளில் தமிழனுக்குக் கடல் தீட்டன்று. பின்னர் வந்த சாத்திரங்களே கடல் கடந்தால் சாதி போகும் என்று எழுதின. சாதி போகும் என்றால் கூட்டம் கூட்டமாகக் கடந்திருக்கவேண்டாமா நாம்!

1931 டிசம்பரில் பெரியார் கப்பலேறி ஐரோப்பா சென்றார். சோவியத்து நாடு உட்படப் பல நாடுகளைக் கண்டு, 1932 நவம்பரில் திரும்பினார். 1968இல் அண்ணா விமானம் ஏறி அமெரிக்கா சென்றார். ஆசானுக்கும் மாணவருக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டு. அதற்குள் உலகம் இவ்வளவு சுருங்கிற்று. சுருக்கியது மந்திரமன்று.

மந்திரமே என்று கூறுவோர் இன்னும் இருக்கிறார்கள். புட்பக விமானம் பறந்தது, நம் முன்னோர் கோளுக்குக் கோள் சென்றனர், வெள்ளையன் நம் ஏட்டைத் திருடித்தான் விமானம் செய்தான் என்பார்கள். 'வைமானிக சாத்திரம்' என்றொரு நூலைக் காட்டுவார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் 1974இல் அதை ஆராய்ந்து, அந்நூல் 1904க்கு முற்பட்டதன்று, அதிலுள்ள பொறி எதுவும் பறக்காது என்று தெளிவுபடுத்தினர். அதன் பின்னும், 2015 சனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் பழங்கால விமானம் பற்றி ஒருவர் கட்டுரை படித்தார்! கோளுக்குக் கோள் பறந்தவர்கள், கொட்டகுடியிலிருந்து மலைக்கு அரிசி ஏற்ற ஒரு கயிறு கட்டவில்லை என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. ஒரு குரங்கு ஒரே தாவில் கடலைத் தாண்டியதைப் பக்தியோடு படித்தவர்களுக்கு, ஒரு பெண் பிள்ளையைச் சுமந்துகொண்டு மலையேறியது எந்தக் காண்டத்திலும் எழுதத் தோன்றவில்லை.

விமானம் பறக்கும் இந்நாளில் குரங்கணி மலை எப்படி இருக்கிறது? போடியில் மாலையில் இரயிலேறினால் காலையில் சென்னை, ஓர் இரவு. சென்னையில் விமானம் ஏறினால் இலண்டனுக்கும் அதே ஓர் இரவுதான். ஆனால் கொழுக்குமலையைப் பாருங்கள். ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், 1930களில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையோடு, தேனி மாவட்டத்திலே இருக்கிறது. தேனி மாவட்டத்து அதிகாரி வண்டியில் அங்குச் செல்லவேண்டுமானால் கேரளத்தில் புகுந்து, சூரியநெல்லி வழியே கரடுமுரடான தடத்தில் சீப்பு வண்டியில் ஏறித் தமிழ்நாட்டிற்குத் திரும்பிவரவேண்டும். 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திற்குச் சென்றன. தமிழ்நாட்டின் குரல் எடுபடவில்லை. கங்காணி முன்பணம் கொடுத்து ஏற்றிய மக்களின் பேரப்பிள்ளைகள், நின்ற இடத்திலேயே வேறு மாநிலத்தார் ஆயினர்.

நடந்து நடந்தே வாழ்ந்த அம்மக்களின் வழியில் வந்த பெண்கள் 2015 செப்டம்பரில் நின்றார்கள். நாட்கூலி 232 ரூபாய், ஊக்கத்தொகையையும் குறைத்தார்கள். ஆண் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, பெண்களே ஒன்றுகூடி மூணாற்றில் சாலையை மறித்து உட்கார்ந்தனர். கொச்சிக்கும் தனுஷ்கோடிக்கும் செல்லும் பெருவழி ஒன்பது நாள் அவர்கள் சொற்படி கிடந்தது. 20 விழுக்காடு பெற்றார்கள். பெட்டிக்கு வழி கொடுத்த மலையில், பெண் வழியை மறித்த பின்தான் பேச்சு நடந்தது.

போடிப் பக்கத்தில் ஏலக்காய்க் காட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் சீப்பு வண்டிகளில் நெருக்கியடித்து ஏறி மெட்டைக் கடக்கிறார்கள். இருட்டிய பின் இறங்குகிறார்கள். ஏலக்காய் ஏலம் விடும் கூடத்தில் கணிப்பொறித் திரையில் விலை ஒரு நொடியில் மாறுகிறது. காட்டுக்கும் வீட்டுக்குமான வழிநேரத்திற்குக் கூலி உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். குரங்கணிக்கு மேலுள்ள சிற்றூர்களுக்குக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சுமை ஏற்றுகின்றன. போடி, பெரியகுளம் மலையடுக்குகளில் நோயுற்றவரையும் பேறுகாலப் பெண்ணையும் டோலி கட்டித் தூக்கி இறக்கும் செய்தி நம் நாளேடுகளில் இன்றும் வருகிறது.

2018 மார்ச்சு 11ஐ நாடு மறந்திருக்காது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி நடந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பெண்கள், நகரங்களில் வேலை பார்த்தவர்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் முதலில் புகைக்குள் ஏறியவர்கள் குரங்கணி, கொட்டகுடி ஊர் மக்கள். காயமுற்றோரைக் கம்பிலும் துணியிலும் டோலி கட்டி, இருட்டிலே, தம் பாட்டன் பாட்டி ஏறிய அதே தடத்தில் சுமந்து இறக்கினர். நேர்த்தொலைவு சில கிலோமீட்டர். அந்தச் சில கிலோமீட்டர் இரவெல்லாம் நீண்டது.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாளைய கோரிக்கை. காடு அழியும், விலங்கு அழியும் என்பது வனத்துறையின் மறுப்பு. மறுப்பை நான் இகழமாட்டேன். காடு போனால் கொட்டகுடி ஆறு போகும், ஆறு போனால் போடியே போகும். ஆனால் சாலை ஒன்றுதான் வழியா? நூறாண்டுக்கு முன்பே காட்டின் தலைக்கு மேலே, மரத்தைப் பெரிதும் தொடாமல், ஐந்து கிலோமீட்டரில் வழி கண்டார்களே! அரசிடம் பொருளில்லை, பொறியியல் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பழனி மலைமீது முருகனைக் காண 1960களிலேயே இழுவை இரயில் வந்தது. 2004 நவம்பரில் கம்பிப்பாதையும் திறந்தது. 2024இல் சோளிங்கர் நரசிம்மரைக் காணவும் கம்பிப்பாதை வந்துவிட்டது. பக்தர் முட்டி வலிக்கு அரசு இரங்கிற்று, நன்று. சென்ட்ரல் ஸ்டேஷன் சிற்றூரில் வலி கண்ட பெண்ணுக்கு எந்த ஆண்டு?